தமிழில் எழுத்து ஓடும் ஞாயிறு: புதுச்சேரித் திரைப்படக் கழகம் ஒன்றில் ஓராண்டு

புதுச்சேரியில் மிஷன் வீதிக்கு அடுத்த தெரு ஒன்றில், அச்சகத்தின் மேல்மாடியில் நடக்கும் சிறிய திரைப்படக் கழகத்தில் சென்ற ஆண்டு ஆடி மாதம் 1,500 ரூபாய் சந்தா கட்டி உறுப்பினராகச் சேர்ந்தேன். இந்த ஓராண்டில் அங்கே 31 படங்கள் பார்த்திருக்கிறேன். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கும் இந்த நேரத்தில், சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன். ஏழெட்டுப் பேர் ஊதியம் வாங்காமல் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து நடத்தும் இடம் என்பதாலும், நான் சொல்லவிருக்கும் குறைகளில் சில கடுமையானவை என்பதாலும் கழகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு ஏசி, நல்ல புரொஜெக்டர், சுமாரான ஒலிபெருக்கி. கறுப்புத் துணி தொங்கவிட்ட சன்னல்களின் ஓரத்தில் மாலை வெயில் கசிவதால், ஆறு மணிக்குத் தொடங்கும் படத்தின் முதல் கால் மணி நேரம் கோடைக் காலத்தில் சற்று வெளிறியே தெரியும். உரிமையாளரிடம் அனுமதி பெற்ற படங்களையே காட்டுகிறார்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கதவருகே ஒட்டி வைக்கும் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகள் வெளிநாட்டுப் படங்களுக்கு, நான்காவது ஞாயிறு இந்தியப் படங்களுக்கு. மூன்றாவது ஞாயிறு வெளிநாட்டுப் படம் ஒன்றுக்குத் தாங்களே தமிழில் துணைத்தலைப்பு எழுதிக் காட்டுகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்தில் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று ஒவ்வொரு நெரிசலாகக் கடந்து நான் அங்கே போய்க்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த மூன்றாவது ஞாயிறுதான்.

வெளிநாட்டுப் படம் பார்ப்பது புதுச்சேரிக்குப் புதிதன்று. பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889ஆம் ஆண்டு முதல் இந்த ஊரில் இருக்கிறது. பிரெஞ்சுப் படங்களை அங்கே பார்த்து வளர்ந்தவர்கள் என் வயதில் பலர் உண்டு. இன்று கைப்பேசியிலேயே உலகத்துப் படங்கள் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் ஈரானோ ஜப்பானோ பிரேசிலோ, எந்த நாட்டுப் படமானாலும் அது நம்மிடம் வந்து சேர்வது ஆங்கில எழுத்துகளின் வழியாகத்தான். ஆங்கிலம் வேகமாக வாசிக்கத் தெரிந்தவருக்கு உலகம் திறக்கிறது. தெரியாதவர் அதே வீட்டில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வெளியிலேயே நிற்கிறார். உலக சினிமா என்ற பேச்சு நம் ஊர்களில் படித்தவர்களின் பேச்சாகவே நின்றுபோனதற்கு இதுவே முதற்காரணம் என்று நான் நம்புகிறேன்.

இதை நான் கண்ணால் கண்டது ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் 1987ஆம் ஆண்டுப் படமான ‘நண்பனின் வீடு எங்கே?’ திரையிடப்பட்ட மாலையில். வகுப்புத் தோழனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு சிறுவன், மறுநாள் அந்த நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் தோழனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சி, அடுத்த ஊருக்கு ஓடி அவன் வீட்டைத் தேடுகிறான், கதை அவ்வளவுதான். அந்தப் படத்தை நான் முன்பே வீட்டுத் தொலைக்காட்சியில் ஆங்கில எழுத்துகளோடு பார்த்திருக்கிறேன். அப்போது அம்மாவும் உடன் இருந்தார்; பதினைந்து நிமிடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், ஆங்கிலம் பேருந்துப் பலகை அளவுக்குத்தான். இந்த முறை மேல்மாடியில், முதல் வரிசையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் அந்தப் படத்தை முழுவதும் பார்த்தார். பையன் நோட்டைக் காட்டிக் காட்டிக் கெஞ்ச, துணி துவைத்துக்கொண்டே தாய் “முதல்ல வீட்டுப்பாடத்த எழுது” என்று திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சியில், அறை முழுவதும் பெண்கள் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தார். பிறகு என் முழங்கையைத் தொட்டு, “நானும் இப்பிடித்தானே உன் பேச்சக் கேக்காம இருந்தேன்” என்றார்.

படம் முடிந்தபின் கழகத்து இளைஞர் ஒருவர், அந்தப் படம் எடுக்கப்பட்ட கோக்கர் என்ற கிராமத்தை 1990இல் நேர்ந்த நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது என்று சொன்னார். அதுவரை பார்வையாளர்களில் ஆங்கிலத்தில் கேட்பவர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து நின்று, “தம்பி, அந்தப் பசங்க ரெண்டு பேரும் பொழச்சாங்களா?” என்று கேட்டார். கியரோஸ்தமியும் அதே கேள்வியோடுதான் நிலநடுக்கம் நடந்த சில நாள்களில் தன் மகனுடன் காரில் அந்தப் பக்கம் புறப்பட்டுப் போனார் என்பதும், அந்தப் பயணமே 1992இல் இன்னொரு படமாயிற்று என்பதும், பிள்ளைகள் இருவரும் உயிரோடிருந்து 1994இல் வந்த மூன்றாவது படத்தில் சற்று வளர்ந்தவர்களாகத் தலைகாட்டுகிறார்கள் என்பதும் அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தன. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, யார் பிழைத்தார், யார் வீடு நிற்கிறது என்று தெருத்தெருவாகக் கேட்டு நடந்தவர் என் அம்மா. அவர் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டார். ஈரானியக் கிராமத்தைத் தன் கிராமம்போல நினைத்துக் கேட்பதற்கு அவருக்குத் தடையாக இருந்தது மொழி ஒன்றுதான். அதைக் கழகம் எடுத்து வைத்தது.

அந்த எழுத்துகள் எப்படித் தயாராகின்றன என்பதை ஒரு நாள் கூடவே இருந்து பார்த்தேன். படத்தின் வசனங்களை நேரக் குறிப்போடு ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, மூன்று பேர் வரிவரியாகத் தமிழாக்குகிறார்கள். ஆங்கிலத் துணைத்தலைப்புக்கு வரிக்கு ஏறத்தாழ 42 எழுத்து, ஒரே நேரத்தில் இரண்டு வரி என்பது பரவலான வழக்கம். தமிழில் அந்த அளவு உடனே நிரம்பிவிடுகிறது. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரு சொல்லே 11 எழுத்து. அதை நடுவில் உடைக்கவும் முடியாது. கண் வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. ஆகவே ‘போறேன்’ என்று எழுதுகிறார்கள். பேச்சுத் தமிழில் எழுதுவதா எழுத்துத் தமிழில் எழுதுவதா என்ற பெரிய விவாதம் கடைசியில் இரண்டு விநாடியில் வாசிக்க முடிகிறதா என்ற சின்னக் கணக்கில் வந்து முடிகிறது. இதோடு எழுத்துரு வேறு படுத்துகிறது. படம் ஓட்டும் சில மென்பொருள்களில் ‘கொ’ என்பது கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நடுவில் புள்ளிவட்டமாகவும் உடைந்து தெரியும். முதல் சில மாதங்களில் அப்படித் தெரிந்த ஒரு படத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

மரியாதைச் சொற்கள் இன்னொரு சிக்கல். பாரசீக மொழியில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு, தமிழிலும் உண்டு. இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் கிடையாது. ஆங்கிலக் கோப்பிலிருந்து மொழிபெயர்த்தபோது அந்தப் பையன் தன் தாத்தாவை ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டான். ஒத்திகைத் திரையிடலில் வயதான ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியதும், பாரசீகம் அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒவ்வோர் இடத்திலும் எந்த வடிவம் பேசப்படுகிறது என்று கேட்டுத் திருத்தினார்கள். இரண்டு கீழை மொழிகளுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்று, நடுவில் ஆங்கிலம் நின்றதால் காணாமல்போய், தேடி மீட்கப்பட்டது. இந்தக் கவனத்துக்காகவே நான் 1,500 ரூபாய் கொடுப்பேன்.

ஆனால் எல்லா மாதமும் இந்தக் கவனம் இருப்பதில்லை. மாசி மாதம் காட்டிய ஒரு படத்தில், மலைநாட்டு மேய்ப்பர்கள் எல்லோரையும் ‘இன்னாபா’, ‘வந்துகினு’ என்று பேச வைத்திருந்தார்கள். நம் வடதமிழகப் பேச்சு எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அதைத் திரையில் பார்க்கும் ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. இருந்தாலும் பனிபடர்ந்த மலையில் ஆடு மேய்க்கும் கிழவர் அப்படிப் பேசியதும் சபை விழுந்து விழுந்து சிரித்தது. அது அவர் சாவைப் பற்றிப் பேசும் இடம். நம் தெருவின் சாயலை அளவுக்கு மிஞ்சிப் பூசினால் அந்த ஊர்க்காரர் மறைந்துபோகிறார். வட்டார அடையாளம் எதுவும் தூக்கலாகத் தெரியாத வீட்டுப் பேச்சு, முறைப்பெயர்களை மட்டும் சரியாக வைத்த பேச்சு, அதுவே துணைத்தலைப்புக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. கழகத்தில் இதை ஏற்காதவர்களும் உண்டு. அவர்களோடு அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். இன்னும் வாதாடத் தயாராகவும் இருக்கிறேன்.

இந்த ஆண்டில் என்னை மிகவும் உலுக்கிய திரையிடல் வேறொன்று. ஜாக் ஓதியார் இயக்கி 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ பிரெஞ்சுப் படம்தான். ஆனால் அதில் பேசப்படுவதில் பெரும்பகுதி தமிழ். அல்லைப்பிட்டியில் பிறந்து 1993இல் பிரான்சுக்கு அகதியாகப் போன எழுத்தாளர் ஷோபாசக்தியே நாயகன். உலகத்தின் பல ஊர்களில் இந்தப் படத்தை முழுக்க எழுத்துகளை வாசித்துத்தான் பார்த்திருப்பார்கள். புதுச்சேரியின் ஒரு மாடியறையில் பாதிப்பேர் தமிழைக் காதால் கேட்டார்கள், சிலர் பிரெஞ்சைக் காதால் கேட்டார்கள், நாலைந்து பேர் இரண்டையும் கேட்டார்கள். எந்த இடத்தில் யார் சிரிக்கிறார், யார் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார் என்பதை வைத்தே அவரவர் மொழியைச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்போம். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் அவருடையது. பிள்ளைகள் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலைக்குச் சேரும் தீபன் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சு பேசும் காட்சியில் அவர் என் பக்கம் சாய்ந்து, “நான் போன புதுசுல பேசின பிரெஞ்சு இதுதான் தம்பி, பாரக்குல சிரிப்பானுங்க” என்றார். சற்று நேரம் கழித்து, ஈழத் தமிழில் வேகமாக வந்த ஒரு வசனம் தமக்குப் பிடிபடவில்லை என்று என்னிடம் கேட்டார். ‘கதைக்கிறது’, ‘பொடியன்’ என்ற சொற்களை நான் ஈழத்துக் கதைகள் படித்துப் பழகியிருந்ததால் சொல்ல முடிந்தது. அவர் எனக்குப் பிரெஞ்சையும் நான் அவருக்கு ஈழத் தமிழையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே படத்தை முடித்தோம். ஆங்கில எழுத்துகள் கீழே ஓடிக்கொண்டுதான் இருந்தன. நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை.

இனி, என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். நான்காவது ஞாயிறுகளில் காட்டப்படும் தமிழ்ப் படங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், வெளிநாட்டு விழா ஒன்றின் முத்திரை விழாத படம் அதில் ஏறக்குறைய இல்லை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருதைப் பெற்றது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. மதுரைப் பக்கத்து வெயில் நிலத்தில் குடிகாரத் தகப்பனும் மகனும் நடக்கும் நடைதான் படம். பேச்சு மிகக் குறைவு. தாகத்துக்கு வாயில் அடக்கிக்கொண்ட கூழாங்கல்லை வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையன் எடுத்து வைக்கிறான். அங்கே அதைப்போல ஏற்கெனவே பல கற்கள் இருக்கின்றன. அந்த ஒரு காட்சிக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டிருக்காது. படத்தைக் கழகம் காட்டியது சரி. அதைக் காட்டியதற்கு நன்றி. என் கேள்வி, ராட்டர்டாமில் விருது கிடைக்காதிருந்தால் காட்டியிருப்பார்களா என்பது. மதுரைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு படம் ஐரோப்பா வழியாகச் சுற்றி வந்து கடக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்திலேயே பார்ப்பதற்கு இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், தன் கதையைத் தானே இயக்கி 1965இல் வெளியிட்ட ‘உன்னைப்போல் ஒருவன்’ சேரி வாழ்க்கையைப் பாட்டும் கூத்தும் இல்லாமல் காட்டி, தேசிய விருதுச் சான்றிதழும் பெற்றது. அதைப் பற்றி ஒரு மாலை பேசக்கூட இந்த ஓராண்டில் கழகத்துக்குத் தோன்றவில்லை. புதுச்சேரி அரசே 1922இல் இந்த ஊரில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரில் திரைப்பட விருது ஒன்று கொடுத்து வருகிறது; நம் நாடகத் தந்தையின் பெயரை முன்னே வைத்து நம் படத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த முறையில் கழகம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

இதன் தொடர்ச்சியே கலந்துரையாடல் பற்றிய குறையும். ஆரோவில்லிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருபவர்கள் சிலர் இருப்பதால் பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்திலேயே முடிகிறது. ‘கூழாங்கல்’ படத்துக்கும் அப்படித்தான் நடந்தது. மதுரைத் தமிழை நன்றாகப் புரிந்துகொண்ட பின்வரிசைக்காரர்கள் வாய் திறக்காமல் எழுந்து போனார்கள். ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ நினைவுக்கு வருகிறது. புதுச்சேரியிலேயே ஒரு பகுதி படமாக்கப்பட்டு, நான்கு ஆஸ்கர் விருது பெற்ற அந்தப் படத்தில் நாயகனின் குடும்பம் வீட்டுக்குள் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறது. தமிழ் நிறைவாகக் காதில் விழுவது பம்பாய் ஜெயஸ்ரீ பாடும் தாலாட்டில். அந்தத் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உறங்க வைக்க மட்டும் தமிழ், பேசுவதற்கு ஆங்கிலம் என்ற அந்த ஏற்பாட்டை நம் ஊரின் திரைப்படக் கழகமும் பின்பற்ற வேண்டியதில்லை. தமிழில் பேசிவிட்டு, தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒருவர் சுருக்கிச் சொன்னால் போதும். வந்திருக்கும் வெளியூர்க்காரர்களும் அதைத்தான் விரும்புவார்கள் என்று அவர்களில் இருவரே என்னிடம் சொன்னார்கள்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு ஒரு சான்று தற்செயலாகக் கிடைத்தது. சித்திரையில் ஒரு மூன்றாம் ஞாயிறு, தமிழ் எழுத்துகள் இருந்த கோப்பு திறக்கவே இல்லை. கூட்டத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், அச்சடித்து வைத்திருந்த வசனத் தாள்களை எடுத்துக்கொண்டு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். கைவிளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொரு வசனத்தையும் குரலை ஏற்றி இறக்காமல் வாசித்துக்கொண்டே வந்தார். பேசாப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று கதை சொல்வார் என்பதைப் படித்திருக்கிறேன். 1905இல் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்துக் காரியம் அது. அந்த மாலை ஆசிரியையின் குரலில் பார்த்த படமே இந்த ஆண்டின் 31 படங்களில் எனக்கு ஒரு வசனம்கூட மறக்காமல் நிற்கும் படம்.

சில்லறைக் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட படமானால் கலந்துரையாடலுக்கு நிற்காமல் கடலூர்ப் பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. மாத நிரல் ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகிறது. இதை மூன்று முறை சொல்லியும் மாறவில்லை. அச்சகத்தின் மேல்மாடியில் இருந்துகொண்டு இதை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது ஞாயிறுகளுக்காக மட்டுமே சேர்வதானாலும் சந்தா வீண்போகாது. நான்காவது ஞாயிறுகளை நம்பிச் சேர்வதானால் இன்னும் ஓராண்டு பொறுத்துப் பார்க்கச் சொல்வேன். நான் புதுப்பித்துவிட்டேன், இந்த முறை அம்மாவின் பெயரிலும் ஒரு சந்தா. பார்க்க விரும்பும் படம் எது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த அந்த இரண்டாவது படத்தை, தமிழ் எழுத்துகளோடு வேண்டும் என்று அம்மா தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஐப்பசி மூன்றாம் ஞாயிறுக்கு அதை ஏற்றிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் மூன்றில் ஒரு பங்கை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வீடு இடிந்தவர்கள் பேசும் வரிகளை இரவில் எழுதி மறுநாள் காலையில் அம்மாவிடம் வாசித்துக் காட்டுகிறேன். “அப்பிடிப் பேச மாட்டாங்கப்பா” என்று பாதி வரிகளை அவர் திருத்துகிறார். தானே புயலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கிறது.